ராட்சத மிருகங்கள் மோதும் 'கிகாபேஷ்': வீட்டில் குழந்தைகளோடு விளையாடலாமா? முழு விவரம்

சண்டை கேம் என்றாலே பல வீடுகளில் அம்மா, அப்பாவுக்கு ஒரு பயம் வரும். ரத்தம், வெட்டு, குத்து... இதையெல்லாம் பத்து வயதுப் பிள்ளை பார்க்கலாமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் சண்டை கேம்களிலேயே தனி ரகம் ஒன்று இருக்கிறது. மனிதனும் மனிதனும் மோதாமல், மலை உயர மிருகங்கள் ஊருக்கு நடுவில் நின்று கட்டிப் புரளும் ரகம். அதில் சமீப வருடங்களில் வந்தவற்றில் கவனிக்க வேண்டிய கேம், 'கிகாபேஷ்'.

(நம்ம 'பேஷ் பேஷ்' அல்ல. ஆங்கிலத்தில் 'பேஷ்' என்றால் ஓங்கி அடிப்பது!)

யார் செய்தது?

ஜப்பான்காரர்கள் செய்திருப்பார்கள் என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். இல்லை. மலேசியாவைச் சேர்ந்த 'பேஷன் ரிபப்ளிக் கேம்ஸ்' உருவாக்கியது. மற்ற கம்பெனிகளின் கேம்களுக்கு கிராபிக்ஸ் வேலை செய்து கொடுத்துவந்த குழுவிலிருந்து வந்த சொந்தத் தயாரிப்பு இது. 2022 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5, கம்ப்யூட்டர் ஆகியவற்றில் வெளியானது. பிறகு எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் ஆகியவற்றுக்கும் வந்தது.

எப்படி விளையாடுவது?

ஒரே நேரத்தில் நான்கு பேர் வரை மோதலாம். வெளியானபோது பத்து கதாபாத்திரங்கள். பஞ்சு மூட்டை மாதிரி இருக்கும் பனிமிருகம் வூலி, ராட்சத ரோபோ தண்டட்ராஸ், கட்டடத்தையே சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு வரும் காங்க்ரீட், உலகைக் காப்பாற்ற வந்த ஹீரோ கிகாமேன் என்று ஆளுக்கொரு குணம், ஆளுக்கொரு அடி.

பொதுவாக சண்டை கேம்களில் பத்து பட்டன்களை வரிசை தப்பாமல் அழுத்தினால்தான் ஒரு பெரிய அடி விழும். அதைப் பழகவே வாரக்கணக்கில் ஆகும். தினமும் விளையாடும் அண்ணன் ஜெயிப்பான், புதிதாக உட்காரும் தங்கை தோற்றுக்கொண்டே இருப்பாள். இரண்டாம் நாள் அவள் எழுந்து போய்விடுவாள். கிகாபேஷில் அந்தத் தொல்லை குறைவு. சாதாரண அடி, ஸ்பெஷல் அடி, தாவல், தடுப்பு, பிடித்துத் தூக்குவது... அவ்வளவுதான் அடிப்படை. பக்கத்தில் நிற்கும் கட்டடத்தைப் பெயர்த்து எதிரி மேல் வீசலாம். சண்டையின் போக்கில் 'கிகா எனர்ஜி' சேரும். அது நிரம்பினால் உங்கள் மிருகம் 'எஸ்-கிளாஸ்' என்ற இன்னும் பிரம்மாண்டமான வடிவத்துக்கு மாறும். அதுவரை மூவரும் தனித்தனியாக அடித்துக்கொண்டிருந்தாலும், ஒருவர் அப்படி வளர்ந்துவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து அவரைக் கவிழ்க்கப் பார்ப்பார்கள். வீட்டில் சிரிப்பும் சத்தமும் கிளம்புவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு வசதி: திரையை நான்காக வெட்டிக் காட்டுவதில்லை. மைதானம் முழுவதும் ஒரே காட்சியாகத் தெரியும். விளையாடாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் யார் யாரை அடிக்கிறார்கள் என்று புரியும்.

ஊரையே உடைக்கிறார்களே, அது வன்முறை இல்லையா?

இதற்குப் பதில் தெரிய 1954-க்குப் போக வேண்டும். அந்த வருடம் மார்ச் 1-ம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு சோதனை நடத்தியது. ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் மீது கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. படகில் இருந்த 23 பேரும் பாதிக்கப்பட்டனர். ஒருவர் சில மாதங்களில் இறந்தார். ஹிரோஷிமா, நாகசாகி நடந்து பத்து வருடம்கூட ஆகாத நேரம். அதே நவம்பரில் வந்த படம்தான் இஷிரோ ஹோண்டா இயக்கிய 'காட்ஜில்லா'. குண்டு சோதனையால் கிளம்பிவந்த மிருகம் டோக்கியோவை அழிக்கும் கதை. அன்று அது குழந்தைகளுக்கான படம் இல்லை, துக்கப் படம்.

அதை விளையாட்டாக மாற்றியதில் ஒரு தொழில்நுட்பத்துக்கும் பங்கு உண்டு. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் கலைஞர் எய்ஜி சுபுராயாவுக்கு, 1933-ல் வந்த 'கிங் காங்' போல பொம்மையை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படம் பிடிக்க ஆசை. நேரமும் பணமும் இடம் கொடுக்கவில்லை. அதனால் ஹருவோ நகஜிமா என்ற நடிகருக்குக் கனமான ரப்பர் உடையை மாட்டி, சின்னச் சின்ன பொம்மைக் கட்டடங்களுக்கு நடுவே நடக்கவிட்டார். பின்னாளில் வந்த படங்கள் சிறுவர்களைக் குறிவைத்தன. 1966-ல் சுபுராயாவின் நிறுவனம் டிவிக்குக் கொண்டுவந்த 'அல்ட்ராமேன்' வாராவாரம் ஒரு மிருகத்தோடு மல்யுத்தம் போட்டது. வேஷம் கட்டிய ஆள், அட்டைப்பெட்டி ஊர் என்பது பார்க்கிற பிள்ளைக்கும் தெரியும்.

கிகாபேஷ் பிடித்திருப்பது இந்த ரப்பர் உடை மரபைத்தான். ரத்தம் தெறிக்காது. கிகாமேனைப் பார்த்தால் அல்ட்ராமேனுக்கு ஒன்றுவிட்ட தம்பி போலவே இருப்பார். அசலே பிறகு வந்து சேர்ந்தது தனிக்கதை: 2022 டிசம்பரில் காட்ஜில்லா, மெக்காகாட்ஜில்லா, கைகன், டெஸ்டரோயா ஆகிய நான்கும் கூடுதல் தொகுப்பாக வந்தன. பின்னர் அல்ட்ராமேனும் வந்தார்.

அப்போ பெற்றோர் எதைக் கவனிக்கணும்?

எங்கள் பார்வையில் கவலைப்பட வேண்டியது அடிதடிக்கு அல்ல, மற்ற இரண்டுக்கு. முதலாவது ஆன்லைன். முகம் தெரியாதவர்களோடும் மோதலாம் என்பதால், சின்னப் பிள்ளைகள் என்றால் வீட்டுக்குள் ஒரே டிவியில் விளையாடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். கன்சோலிலேயே பெற்றோர் கட்டுப்பாட்டு செட்டிங்ஸ் இருக்கும், அதில் ஆன்லைனைப் பூட்டிவிடலாம். இரண்டாவது பணம். காட்ஜில்லா வேண்டும் என்று பிள்ளை கேட்டால் அதற்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். கார்டு விவரத்தை கன்சோலில் சேமித்து வைத்திருப்பவர்கள், வாங்கும்போது பாஸ்வேர்ட் கேட்கும்படி மாற்றிவிடுவது நல்லது.

நான்கு பேர் சேர்ந்து ஆட நான்கு கன்ட்ரோலர் வேண்டும் என்பதையும் வாங்கும் முன் கணக்கில் வையுங்கள். தனியாக ஆடுபவர்களுக்கு, நான்கு கதாபாத்திரங்களின் கதையைச் சொல்லும் ஸ்டோரி மோடும் உள்ளது. ஆனால் அது சீக்கிரமே முடிந்துவிடும்.