ஆர்ப்பியேரா

சாக்குத்துணியின் மேல் பழந்துணித் துண்டுகளை வைத்துத் தைத்து, தைத்தவரின் வாழ்க்கையைச் சொல்லும் சிலி நாட்டுக் கொலாஜ் படம். 1973 செப்டம்பர் 11 அன்று பினோசே தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளையும் கணவர்களையும் தேடி அலைந்த சாந்தியாகோ பெண்கள் தேவாலய ஆதரவுடன் நடந்த பட்டறைகளில் கூடித் தைத்தனர். தொலைந்தவரின் சட்டைத்துணியே சில படங்களில் மனித உருவமாகியிருக்கிறது. இதைவிட நேரடியான சாட்சியம் அரிது. கைதுகள், பொதுச் சமையற்கூடங்கள், பின்னணியில் ஆண்டிஸ் மலை ஆகியவை அடிக்கடி இடம்பெறும். தனித்தனியே அழுதவர்கள் பட்டறைகளில் ஒருவர் துயரத்தை மற்றவர் கேட்டனர். சிறு வருமானமும் கிடைத்தது. 1976இல் கத்தோலிக்கத் திருச்சபை நிறுவிய விகாரியா தெ லா சோலிதாரிதாத் என்ற அமைப்பு இப்படங்களை வாங்கி வெளிநாடுகளில் விற்றது. தணிக்கை மிகுந்த அந்த ஆண்டுகளில் சிலியின் செய்தியைக் கடல் கடத்தியதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு.