ஓவியரின் பென்சில்: பற்றாக்குறையில் பிறந்த கருமை

கோட்டோவியம் பயில்வோர் இன்று கடைக்குச் சென்று ‘2எச்’, ‘எச்பி’, ‘6பி’ என்று தரம் சொல்லிப் பென்சில் வாங்குகின்றனர். ‘எச்’ என்பது கடினத்தையும் ‘பி’ என்பது கருமையையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து. எழுத்துக்கு முன் நிற்கும் எண் கூடக்கூட அந்தக் குணமும் கூடும். ஓவியரின் மிக நெருங்கிய விருப்பமாக இன்று கருதப்படும் இத்தர வரிசை, ஓவியர் கேட்டுப் பெற்றது அன்று. இங்கிலாந்தின் ஒரே மலைச்சரிவில் கிடைத்துவந்த கனிமம் போரினால் கைக்கெட்டாமற் போனபோது, அக்குறையை ஈடுகட்டப் பிரான்சில் செய்யப்பட்ட அவசர ஏற்பாட்டின் விளைவாக வந்து சேர்ந்தது.

பென்சிலுக்கு முன்பு ஐரோப்பிய ஓவியர் நுண்கோட்டுக்குப் பெரிதும் நம்பியிருந்தது வெள்ளிமுனைக் கோலையே. தாளின் மேல் எலும்புச் சாம்பலைப் பசையில் குழைத்துப் பூசி உலரவைத்து, அந்தச் சொரசொரப்பில் வெள்ளிக் கம்பியை இழுத்தால் மெல்லிய சாம்பல் நிறக் கோடு விழும். நாளடைவில் வெள்ளி மங்கிக் கோடு பழுப்பாக மாறும். ஆல்பிரெக்ட் டியூரர் 1484ஆம் ஆண்டில், தம் 13ஆம் வயதில், கண்ணாடி பார்த்து வரைந்த தன்னுருவம் இம்முறையில் அமைந்ததே. அது இன்று வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் உள்ளது. எவ்வளவு அழுத்தினாலும் வெள்ளிக் கோடு கருமை கொள்ளாது. தவறாக விழுந்ததை அழிப்பதும் எளிதன்று. ஈயமும் வெள்ளீயமும் கலந்த முனைகளும் வழங்கின. அவற்றின் கோட்டை ரொட்டித் துணுக்கால் துடைத்து நீக்கலாம் என்று 1400ஆம் ஆண்டையொட்டி எழுதிய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி தம் கைந்நூலில் குறித்துள்ளார். ஆயினும் அக்கோடும் வெளிறியதே.

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடமேற்கே, கம்பர்லாந்துப் பகுதியில் போரோடேல் பள்ளத்தாக்கைச் சேர்ந்த சீத்வெயிட் என்னும் சிற்றூருக்கு மேலுள்ள சரிவில், வெட்டியெடுத்து அறுக்கத் தக்க அளவுக்குத் திண்மையும் தூய்மையும் கொண்ட கரிய கனிமம் கண்டறியப்பட்டது. ஊரார் அதை ‘வாட்’ என்றனர். ஆடுகளுக்கு அடையாளமிட மேய்ப்பர்கள் அதைப் பயன்படுத்தினர் என்பது அவ்வட்டார மரபுச் செய்தி. 1565இல் சுவிட்சர்லாந்து இயற்கையியலாளர் கொன்ராட் கெஸ்னர், புதைபடிவங்களைப் பற்றிய தம் நூலில், மரக் கைப்பிடிக்குள் இக்கனிமத்தைச் செருகிய எழுதுகோல் ஒன்றின் படத்தை வெளியிட்டார். பென்சிலைக் காட்டும் மிகப் பழைய படமாக அது மதிக்கப்படுகிறது.

இது என்ன பொருள் என்பது இரு நூற்றாண்டுக் காலம் விளங்காமலே இருந்தது. கெஸ்னர் அதை ஆங்கில அஞ்சனக்கல் என்று கருதினார். பலர் ஈயத்தின் ஒரு வகை என நினைத்துக் ‘கரிய ஈயம்’ என்றனர். 1779இல் சுவீடன் வேதியியலாளர் கார்ல் ஷீலே, அது கரிமமே, அதாவது கரியின் மூலப்பொருளே என்று நிறுவினார். 1789இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் வெர்னர், ‘எழுதுதல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘கிராஃபைட்’ எனப் பெயரிட்டார். ஆங்கிலத்தில் பென்சிலின் உள்ளீடு இன்றும் ‘ஈயம்’ என்றே வழங்குகிறது. தமிழிலும் இப்பிழையின் தடம் உண்டு: ஈய உலோகத்துக்கு உரிய ‘காரீயம்’ என்னும் சொல்லையே இலங்கைத் தமிழர் கிராஃபைட்டுக்கும் வழங்குகின்றனர். கிராஃபைட்டில் கரிம அணுக்கள் தகடு தகடாக அடுக்கப்பட்டுள்ளன. தகடுகளுக்கு இடையிலான பிணைப்பு மிகத் தளர்வானது ஆதலால், தாளில் உரசிய அளவிலேயே அவை உதிர்ந்து இழைகளில் படிகின்றன. அழுத்தத்துக்கு ஏற்பக் கருமை கூடும் குணம் இதனால் வந்தது. வெள்ளிமுனை ஒருநாளும் தர இயலாதது இதுவே. அழிக்கும் வசதியும் பின்னர் கூடியது. பென்சில் கோட்டை அழிக்கும் ரப்பர் லண்டனில் விற்கப்படுவதை 1770இல் ஆங்கில வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி குறித்துள்ளார்.

போரோடேல் கனிமத்துக்கு ஓவியரை விடப் பெரிய வாடிக்கையாளராகப் படைத்துறை இருந்தது. பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளின் உட்புறத்தில் கிராஃபைட்டைப் பூசினால் குண்டு வழுவழுப்பாக வெளிவரும் என்பதால் அதன் விலை ஏறியது. சுரங்கத்தை ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே திறந்து, தேவையான அளவு வெட்டியபின் மூடினர். வெளியேறும் தொழிலாளரின் உடைகளைச் சோதித்தனர். 1752இல் இக்கனிமத்தைத் திருடுவோரைக் கடுங்காவலுக்கோ நாடுகடத்தலுக்கோ உள்ளாக்கும் சட்டத்தைப் பிரிட்டன் நாடாளுமன்றம் இயற்றியது. ஓவியர் தாளில் தேய்த்துத் தீர்த்த துண்டு, காவலுடன் வண்டியில் லண்டன் சென்ற சரக்கின் ஒரு பகுதி என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அக்காலப் பென்சிலில் தரப் பிரிவு இல்லை. இயற்கைக் கட்டியை மெல்லிய பட்டைகளாக அறுத்துத் தேவதாரு மரப் பள்ளத்தில் ஒட்டினர். கட்டி எப்படியோ, கோடும் அப்படி.

1793இல் புரட்சிப் பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டதும் ஆங்கிலக் கிராஃபைட் பிரான்சுக்கு வருவது நின்றது. வரைபடம் தீட்டும் பொறியாளருக்கும் களத்திலிருந்து செய்தி எழுதும் அதிகாரிகளுக்கும் பென்சில் இன்றியமையாதது ஆகையால், போர் நிர்வாகத்தைக் கவனித்த லாசர் கார்னோ மாற்று வழி காணும் பொறுப்பை நிக்கோலா ழாக் கோன்தேயிடம் ஒப்படைத்தார். கோன்தே உருவ ஓவியராகத் தொழில் தொடங்கி, பின்னர் இயந்திர நுட்பத்திலும் வேதியியலிலும் தேர்ந்தவர். ஆய்வுக்கூட வெடிவிபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். ஐரோப்பிய நிலப்பகுதியில் கிடைத்த தாழ்ந்த தரக் கிராஃபைட் மண்ணும் கல்லும் கலந்தது. அதைப் பட்டையாக அறுக்க முடியாது. கோன்தே அதைப் பொடித்துக் கழுவித் தூய்மைப்படுத்தி, நீர் விட்டு நுண்ணிய களிமண்ணுடன் பிசைந்து, அச்சிலிட்டுக் குச்சிகளாக்கி, உலர்த்திச் சூளையில் சுட்டார். 1795ஆம் ஆண்டு சனவரியில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

இம்முறையின் உண்மையான புதுமை, குயவர் தொழிலின் அறிவு எழுதுகோலுக்குள் புகுந்ததே. களிமண் கூடினால் குச்சி இறுகிக் கோடு மெலிந்து வெளிறும். கிராஃபைட் கூடினால் மென்மையும் கருமையும் மிகும். இயற்கை எதைக் கொடுத்ததோ அதைக் கொண்டு வரைந்த நிலை மாறி, வேண்டிய கருமையை அளந்து செய்யும் நிலை முதன்முதலாக உருவானது. வியன்னாவில் யோசெஃப் ஹார்ட்முத்தும் ஏறத்தாழ அதே காலத்தில் களிமண் கலவைப் பென்சிலைச் செய்துவந்தார். கோன்தே தம் தரங்களை எண்களால் குறித்தார். எழுத்துக் குறியீடு பின்னர் இங்கிலாந்தில் எழுந்தது. ஆங்கிலக் கட்டிக்கு மாற்றாக, தரம் குறைந்த பொருள் என்ற எண்ணத்துடன் தோன்றிய கலவை, மூலப்பொருளையே பின்தள்ளியது.

ஓவியர் இவ்வாய்ப்பை ஏற்ற விதம் ஒருபடித்தானது அன்று. நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின் ரோம் நகரில் புரவலரின்றி நின்ற ழான் ஒகுஸ்ட் தொமினிக் ஆங்கர், பயணிகளின் உருவங்களைப் பென்சிலால் வரைந்து பிழைத்தார். 1819இல் அவர் வரைந்த வயலின் கலைஞர் பகனீனியின் உருவம் உட்பட அப்படங்களில், கூர்முனையால் சட்டையின் மடிப்பும் விரலின் வளைவும் ஒரே மூச்சில் இழுத்த கோடுகளாக நிற்கின்றன. பெர்லின் ஓவியர் அடோல்ஃப் மென்ட்செல் இதற்கு நேர்மாறாகத் தச்சர் பயன்படுத்தும் தட்டையான தடித்த பென்சிலைக் கைக்கொண்டார். வின்சென்ட் வான்கோவும் முதலில் தச்சர் பென்சிலையே நாடினார். 1883இல் நண்பர் ஆன்தொன் வான் ராப்பார்டுக்கு எழுதிய கடிதத்தில், ஃபாபர் நிறுவனத்தின் தடித்த மென்பென்சில் அதைவிடச் சிறந்தது என்றும் அதன் கருமை நயமானது என்றும் பாராட்டியுள்ளார். ஓவியர் ஒருவர் கருவியைப் பெயர் சொல்லிப் பரிந்துரைத்த இக்கடிதம், பென்சில் அதற்குள் முத்திரை பொறித்த தொழிற்சாலைப் பண்டமாகிவிட்டதற்குச் சான்று.

அம்மாற்றத்தை முன்னின்று நடத்தியது நூரம்பெர்க் அருகே ஸ்டைன் ஊரில் 1761இல் தொழில் தொடங்கிய ஃபாபர் குடும்பம். 1839இல் பொறுப்பேற்ற லோதர் ஃபாபர், பென்சில்மேல் தயாரிப்பாளர் பெயரைப் பொறிப்பதை வழக்கமாக்கினார்; சைபீரியாவின் சயான் மலையில் அலிபேர் என்னும் பிரெஞ்சு வணிகர் கண்டறிந்த உயர்தரக் கிராஃபைட்டைத் தமக்கு மட்டும் வழங்க 1856இல் உடன்படிக்கை செய்துகொண்டார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்ட்முத் நிறுவனம் மஞ்சள் பூச்சுடன் கொணர்ந்த பென்சிலுக்குக் கோஹினூர் வைரத்தின் பெயர் சூட்டப்பட்டது. அப்பெயர் வேதியியலுக்கும் பொருந்துகிறது. வைரமும் கரிமமே என்பதை ஆங்கில வேதியியலாளர் ஸ்மித்சன் டெனன்ட் 1797இலேயே எரித்துக் காட்டியிருந்தார்.

இதே காலத்தில் உலகின் மிகத் தூய கிராஃபைட்டுள் ஒன்று இலங்கையிலிருந்து ஏற்றுமதியானது. பாறைப் பிளவுகளில் நரம்பு போல ஓடும் அக்கனிமத்தைத் தொழிலாளர் மண்ணுக்கடியில் வெட்டி ஏணிகளில் சுமந்து ஏற்றினர். கொழும்புக் கிடங்குகளில் பெண்கள் அதைத் துடைத்து, கட்டி, சில்லு, தூள் எனத் தரம் பிரித்தனர். பெரும்பகுதி உலோகம் உருக்கும் மூசைகள் செய்யப் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றது. பென்சிலுக்குப் போனது சிறுபங்கே. முதல் உலகப் போர் அவ்வணிகத்தை உச்சத்துக்கு ஏற்றிப் பின் வீழ்த்தியது. பென்சில் வரலாற்றை எழுதுவோர் கோன்தேயையும் ஃபாபரையும் விரித்துரைத்து இத்தொழிலாளரை ஒரு வரியில் கடப்பது பெருங்குறை. போரோடேல் சுரங்கம் மூடப்பட்டு நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கேகாலை மாவட்டத்தின் போகலையிலும் குருநாகல் மாவட்டத்தின் கஹட்டகஹவிலும் பல நூறு மீட்டர் ஆழத்தில் காரீயம் இன்றும் வெட்டப்படுகிறது.