அட்டையில் ஒரு லான்செஸ்டர்: மலாயாப் போரும் பிரிட்டிஷ் கவச வண்டியும்

மலாயா ஏன் 70 நாளில் விழுந்தது? தேர்வுக்குப் படிக்கும் எல்லாரும் இந்தக் கேள்விக்கு ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். நானும் வழக்கம்போல் வெண்பலகையில் எழுதிப் போட்டேன்: ‘ஜப்பானியரிடம் டாங்கி இருந்தது, பிரிட்டிஷாரிடம் டாங்கி இல்லை.’ பின்வரிசைப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான்.

“டாங்கி இல்லன்னா அவங்ககிட்ட என்னதான் இருந்துச்சு, ஐயா?”

“கவச வண்டி இருந்துச்சுப்பா.”

“அது எப்படி இருக்கும்?”

என்னால் சொல்ல முடியவில்லை. இருபது வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன், அந்த வண்டிக்கு எத்தனை சக்கரம் என்றுகூடத் தெரியாது. அன்று மாலை தேட ஆரம்பித்து, கடைசியில் பிஸ்கட் பெட்டி அட்டையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்துவிட்டேன்.

தேடிக் கிடைத்த பெயர் லான்செஸ்டர். ஆறு சக்கரம், ஏழு டன் எடை, உள்ளே நான்கு பேர். பர்மிங்ஹாம் நகரின் லான்செஸ்டர் கார் கம்பெனி செய்தது. (போரில் ஆள்பலத்தைக் கணக்கிடும் ‘லான்செஸ்டர் விதிகள்’ என்று கணித ஆசிரியர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதை எழுதிய ஃபிரெடரிக் லான்செஸ்டர்தான் இந்தக் கம்பெனியைத் தொடங்கியவர். ஆனால் இந்த வண்டி பிறப்பதற்கு முன்பே அவர் அங்கிருந்து விலகிவிட்டார்.) மொத்தமே 39 வண்டிகள்தான் செய்தார்கள். 1928ல் குதிரைகளை விட்டு இயந்திரத்துக்கு மாறிய 12வது ராயல் லான்சர்ஸ் படைக்கு இவை போயின. 1935ல் ஜெர்மனி எல்லையிலுள்ள சார் பகுதியில் பொது வாக்கெடுப்பு நடந்தபோது, காவலுக்குப் போன பிரிட்டிஷ் படையோடு இந்த வண்டிகளும் போயின. சில ஆண்டுகளில் பழசாகிவிட்டன. ஐரோப்பாவுக்கு இனி உதவாது என்றதும் ஒரு பகுதியைக் கப்பலேற்றித் தூரக் கிழக்குக்கு அனுப்பினார்கள். இங்கே ஆர்கைல் அண்ட் சதர்லண்ட் ஹைலண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படையின் 2வது பட்டாளத்துக்குக் கிடைத்தன. உள்ளூர்த் தொண்டர் படைகளுக்கும் சில போயின.

பொம்மைக் கடையில் ஜெர்மன் டைகர் டாங்கி கிடைக்கும், அமெரிக்க ஷெர்மன் கிடைக்கும். நான் ஏறி இறங்கிய கடைகளில் லான்செஸ்டர் இல்லை. 39 வண்டிக்கு யார் அச்சு வார்ப்பார்கள்? இப்படிப்பட்ட அரிய வண்டிகளைப் பெட்டிப் பாகங்கள் இல்லாமல், தகடும் அட்டையும் வெட்டி அடியிலிருந்து தாங்களே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மாதிரி செய்பவர்கள் மத்தியில் இதற்கு ‘ஸ்கிராட்ச் பில்டிங்’ என்று பெயர். நான் அதில் கைதேர்ந்தவன் இல்லை. என் வண்டியின் இடப்பக்கக் கதவு இன்றைக்கும் கோணல்தான்.

முதலில் அளவு விகிதம். நான் எடுத்துக்கொண்டது 35ல் ஒரு பங்கு. இந்த 35 எங்கிருந்து வந்தது என்பது ஒரு வேடிக்கை. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா கம்பெனி மோட்டாரில் ஓடும் பாந்தர் டாங்கி பொம்மை ஒன்றைச் செய்தது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்குகிற அளவுக்கு உடலைச் செய்தார்கள், பிறகு கணக்குப் பார்த்தால் அது சுமார் 35ல் ஒன்றாக இருந்தது. அதுவே உலக வழக்கமாகிவிட்டது. 72ல் ஒன்று என்பதில் நியாயம் தெரியும்: ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆவான்.

லான்செஸ்டரின் நீளம் 6.1 மீட்டர். 35ல் வகுத்தால் 17.4 சென்டிமீட்டர். உயரம் 2.82 மீட்டர், அதாவது மாதிரியில் 8 சென்டிமீட்டர். இதுவரை எளிது. அதன் பிறகுதான் சிக்கல். கதவு எவ்வளவு அகலம்? சுழல் கோபுரம் எங்கே தொடங்குகிறது? அதற்குப் புகைப்படம் வேண்டும்.

லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் தொகுப்பில், போர் தொடங்குமுன் 1941ல் ஆர்கைல் படையினர் மலாயாவில் பயிற்சி செய்யும் படங்கள் இருக்கின்றன. இவற்றை நான் முன்பே பார்த்திருக்கிறேன், ‘ஆதாரம் 1’ என்று கேள்வித்தாளில்கூடப் போட்டிருக்கிறேன். ஆனால் அளவுகோலை வைத்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை. அளவெடுக்கப் பார்க்கும்போது கண் வேறு மாதிரி வேலை செய்கிறது. வண்டி எப்போதும் முன்பக்கமாகவே நிற்கிறது, துப்பாக்கி நம்மை நோக்கியே இருக்கிறது. பின்பக்கம் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? எடுத்தவருக்கு அது தேவைப்படவில்லை. மலாயா தயாராக இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்ட எடுத்த படங்கள் அவை. ‘இந்த ஆதாரம் எந்த நோக்கத்தில் உருவாக்கப்பட்டது’ என்ற தேர்வுக் கேள்விக்கு மாணவர்கள் ஒரே வாய்ப்பாட்டைத்தான் எழுதுவார்கள். பின்பக்கத்தை அட்டையில் வெட்ட வேண்டி வந்த அன்றுதான் எனக்கே அந்தக் கேள்வி உறைத்தது.

இங்கிலாந்தில் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் ஒரு லான்செஸ்டர் இருக்கிறது. அதன் பின்பக்கப் படத்தைப் பார்த்து அப்படியே செய்துவிடலாமே என்று நினைத்தேன். அங்கேயும் ஒரு பள்ளம். இந்த வண்டியில் வகைகள் உண்டு. முதல் வகைக்குப் பின் அச்சுகளில் இரட்டைச் சக்கரம், இரண்டாம் வகைக்கு ஒற்றை. ‘ஏ’ என்று எழுத்துச் சேர்ந்த வகைகளில் உடலின் முன்புறத் துப்பாக்கியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வானொலிக் கருவி வைத்தார்கள். ஆகவே மலாயாப் படத்தில் இருப்பது எந்த வகை என்று பார்க்காமல் போவிங்டன் வண்டியைக் காப்பியடித்தால், இரண்டு வண்டிகளைச் சேர்த்து மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தவன் ஆகிவிடுவேன். சக்கரம் எண்ணுவதற்கே ஒரு வாரம் ஓடியது. டயருக்கு வன்பொருள் கடையில் வாங்கிய ரப்பர் வளையம், துப்பாக்கிக் குழலுக்கு ஊசி மருந்து ஏற்றும் ஊசி, கோபுரத்தின் மேல்மூடிக்குப் பாட்டில் மூடி.

கவசத் தகட்டுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. லான்செஸ்டரின் கவசம் 9 மில்லிமீட்டர். 35ல் வகுத்தால் 0.26 மில்லிமீட்டர். நான் வைத்திருந்த பிஸ்கட் பெட்டி அட்டை அரை மில்லிமீட்டர் இருந்தது. அதாவது என் அட்டை வண்டிக்கு அசல் வண்டியைப்போல் இரு மடங்கு கவசம்! பெயரட்டை ஒன்றை எடுத்து அளந்தேன், அதுவும் தடிப்புதான். 9 மில்லிமீட்டர் என்பது ரைஃபிள் குண்டைத் தடுக்கும் கனம். எதிரியிடம் ரைஃபிளுக்கு மேல் எதுவும் இல்லாத இடங்களில் ரோந்து போக அது போதும்.

வண்டி முடிந்ததும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். கூடவே தமியாவின் ஜப்பானிய டைப் 97 டாங்கி. அது பெட்டியில் வருவது, ஒட்டினால் போதும். அதே 35ல் ஒன்று. இரண்டையும் மேசையில் எதிரெதிரே வைத்து, “எது ஜெயிக்கும்?” என்று கேட்டேன். பாதிக்கு மேல் லான்செஸ்டர் பக்கம் கை தூக்கினார்கள். தப்பில்லை. லான்செஸ்டர்தான் நீளம், அதுதான் உயரம். டாங்கியின் நீளம் 15.7 சென்டிமீட்டர், உயரம் 6.4தான். பிறகு தடிப்பைச் சொன்னேன். டைப் 97ன் கனமான தகடு 25 மில்லிமீட்டர். பீரங்கி வாய் 57 மில்லிமீட்டர். லான்செஸ்டரிடம் இருந்த பெரிய ஆயுதம் 12.7 மில்லிமீட்டர் விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி. மேசையில் வைத்துப் பார்த்தால், ஒரு பக்கம் ஊசி, இன்னொரு பக்கம் பேனா ரீஃபில் கனத்தில் குழாய்.

இந்த இடத்தில் தேர்வு மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘டாங்கி இல்லை’ என்று எழுதி நிறுத்தினால் பாதிப் பதில்தான். ஏன் இல்லை? 1941ல் லண்டன் தன்னிடமிருந்த டாங்கிகளை மத்தியக் கிழக்கு முனைக்கும் சோவியத் ரஷ்யாவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. மலாயா காடு, காட்டில் டாங்கி ஓடாது என்ற நினைப்பும் இருந்தது. ஆனால் டாங்கி காட்டில் வரவில்லை, பிரிட்டிஷாரே போட்ட நல்ல தார்ச் சாலையில் வந்தது. டிசம்பரில் ஜித்ராவில் அதை எதிர்கொண்ட இந்தியச் சிப்பாய்களில் பலர் அதற்குமுன் டாங்கியையே பார்த்ததில்லை. சிங்கப்பூருக்குச் சில பழைய இலகு ரக டாங்கிகள் வந்து இறங்கியது 1942 ஜனவரி கடைசியில். டாங்கி வெல்ல முடியாத பூதமும் அல்ல. ஜனவரி 18ம் தேதி மூவார் பக்கம் பக்ரியில் ஆஸ்திரேலியர்களின் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் ஜப்பானிய டாங்கிகளைச் சாலையிலேயே வரிசையாக அடித்து நிறுத்தின. ஆக, ‘சரியான ஆயுதம் சரியான இடத்தில் இல்லை’ என்று எழுதுவது பொருத்தம்.

அந்தச் சரியான இடம் 11 நாள் முன்பு சிலிம் ரிவராக இருந்திருக்க வேண்டும். ஜனவரி 7, விடியுமுன் இருட்டு. ஏறக்குறைய 30 ஜப்பானிய டாங்கிகள் பெருஞ்சாலையில் இறங்கி வந்தன. சாலையில் தடை போட்டிருந்த இடங்களில், பால்மரத் தோட்டங்களுக்குள் வளைந்து போகும் பழைய சாலைத் துண்டுகளில் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தன. டிரோலாக் அருகே ஆர்கைல் படையின் கவச வண்டிகள் அவற்றுக்கு எதிரே நின்றன. கொஞ்ச நேரம்தான். காலை முடிவதற்குள் டாங்கிகள் சிலிம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டன, 11வது இந்தியப் பிரிவின் இரண்டு பிரிகேடுகள் சிதறிப்போயின. நான்கே நாளில், ஜனவரி 11ம் தேதி, கோலாலம்பூர் ஜப்பானியர் கையில்.

வகுப்பில் இதைச் சொல்லி முடித்தபோது, முதலில் கேள்வி கேட்ட அந்தப் பையன் மேசைக்கு வந்தான். மாதிரிக்கு உண்மைக் கனத்தில் தகடு எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு மெல்லிய தாளட்டைத் துண்டை நான் தனியாக வெட்டி வைத்திருந்தேன். அதை எடுத்து இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தான். பிறகு வண்டியின் மேல்மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

“இதுக்குப் பின்னாடி நாலு பேரா, ஐயா?”

“நாலு பேர்.”

துண்டை மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு இடத்துக்குப் போய் உட்கார்ந்தான்.