பூட்டை உடைக்காமல் போன 50 துப்பாக்கிகள்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் போதும், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்துவிடும். ராசிங்காபுரத்து விவசாயி என்றாலும் சரி, போடி மலைச்சரிவில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர் என்றாலும் சரி, வழக்கம் ஒன்றுதான். வீட்டுக்கு வீடு தனித்தனியாக இருந்த துப்பாக்கிகள் ஒரே அறைக்கு வந்து சேர்கின்றன. வீட்டில் திருடு போனால் ஒரு துப்பாக்கி போகும். அந்த அறையில் திருடு போனால்?

இந்தக் கேள்விக்கு 1914-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் ஒரு பதில் கிடைத்தது.

கல்கத்தாவில் ரோடா கம்பெனி என்று ஒரு பெரிய துப்பாக்கிக் கடை இருந்தது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் ஆயுதங்களை வரவழைத்து விற்பவர்கள். சுங்க அலுவலகத்திலிருந்து சரக்கை எடுத்து வருவது ஸ்ரீஷ் சந்திர மித்ரா என்ற குமாஸ்தாவின் வேலை. அவர் புரட்சியாளர்களின் ஆள் என்பது முதலாளிகளுக்குத் தெரியாது!

1914 ஆகஸ்ட் 26. முதல் உலகப்போர் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்று மித்ரா 202 பெட்டிகளைச் சுங்கத்திலிருந்து எடுத்தார். கம்பெனியின் கிடங்குக்கு வந்து சேர்ந்தவை 192. "மீதியையும் கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. காணாமல் போன 10 பெட்டிகளில் இருந்தவை 50 மவுசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும். அவை வைக்கப்பட்டிருந்த பெட்டியையே கைப்பிடியில் மாட்டினால், தோளில் வைத்துச் சுடும் நீளத் துப்பாக்கி போல ஆகிவிடும்.

சுவர் இடியவில்லை, பூட்டு உடையவில்லை, காவலாளி தூங்கவும் இல்லை. பிறகு எங்கே தவறு?

வணிகவியலில் முதலில் சொல்லித்தரும் பாடம் இது. ஒரு வேலையைத் தொடங்குபவரும் அதைச் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. சுங்கத்தில் கையெழுத்திட்டு எடுப்பவர், வழியில் கூட வருபவர், கிடங்கில் எண்ணி வாங்குபவர் என்று மூவர் வேண்டும். ரோடாவில் எல்லாம் ஒரே குமாஸ்தாவின் கையில் இருந்தது. அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் உண்டு. 10 பெட்டி குறைந்தும் போலீசுக்குத் தகவல் போனது மூன்று நாள் கழித்துத்தான். அதற்குள் சரக்கு கை மாறிவிட்டது.

விளைவு என்ன? 44 துப்பாக்கிகள் உடனே ஒன்பது குழுக்களுக்குப் பங்கிடப்பட்டன என்றும், 54 கொள்ளை, கொலை மற்றும் அவற்றுக்கான முயற்சிகளில் அவை பயன்பட்டன என்றும் 1918-இல் ரௌலட் குழுவின் அறிக்கை சொன்னது. 1915-இல் பாலசோர் அருகே பாகா ஜதின் போலீசாருடன் மோதியதும் மவுசர்களை வைத்துத்தான். அவர்களின் நாட்டுப்பற்றை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் திருடியவரின் நோக்கத்தைப் பார்த்துத் துப்பாக்கி வேலை செய்வதில்லை. அதே சரக்கு கொள்ளைக்காரன் கையில் சிக்கியிருந்தாலும் அப்படியேதான் சுட்டிருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தை ரோடா கம்பெனி சரியாகச் செய்திருந்தது. ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணும் பதிவேட்டில் இருந்தது. பின்னர் வங்காளத்தின் பல இடங்களில் 31 மவுசர்கள் பிடிபட்டபோது, அவை ரோடாவின் சரக்குதான் என்று அடையாளம் காண அந்த எண்கள் உதவின. திருட்டைத் தடுக்காத பதிவேடு, திருட்டைத் துப்பறிய உதவியது!

இன்னொரு பாடம் 1930 ஏப்ரல் 18 அன்று சிட்டகாங்கில் கிடைத்தது. சூர்யா சென்னின் குழு அங்கே துணைப்படையின் ஆயுதக் கிடங்கை உடைத்து துப்பாக்கிகளைக் கைப்பற்றியது. ஆனால் அவற்றுக்கான தோட்டாக்கள் அங்கே அகப்படவில்லை. கையில் கிடைத்த லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகள் அவர்களுக்கு வெறும் இரும்பாகிவிட்டன. துப்பாக்கி ஓரிடம், தோட்டா வேறிடம் என்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று புரிகிறதா?

இன்று இரும்புக் கதவு, கேமரா, அலாரம் எல்லாம் வந்துவிட்டன. அமெரிக்காவில் துப்பாக்கி திருடு போனது தெரிந்த 48 மணி நேரத்துக்குள் கடைக்காரர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ரோடாவின் மூன்று நாள் தாமதத்தை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

ஆக, தேர்தல் நேரத்தில் தோட்டக்காரர் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கும்போது, அதில் துப்பாக்கியின் எண் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வாங்கி வைப்பவர்களும் தினமும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும், அதுவும் இரண்டு பேராக. பூட்டு திருடனைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும். உள்ளே இருப்பவரே திருடனானால் கணக்கு ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.