யாரோடு பயணிக்கப் போகிறோம்? சொகுசுக் கப்பல்களின் சீண்டும் விளம்பர வாசகங்களும் பயணிகளின் எதிர்வினையும்

காமத்தையோ கலகத்தையோ தொட்டுப் பேசும் விளம்பர வாசகம் ஒன்று வெளிவந்து வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர் முகம் சுளித்தால், விளம்பரத் துறையினரிடம் ஆயத்தமாக ஒரு விளக்கம் இருக்கும். பழைய மனம் கொண்டவர்கள் அதிர்ந்துபோனார்கள், இளையவர்கள் ரசிப்பார்கள் என்பார்கள். எதிர்வினையை ஒழுக்க உணர்ச்சிக்குள் அடக்கிவிடும் இந்த விளக்கம் சொகுசுக் கப்பல் தொழிலுக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சோப்பு வாங்குகிறவர், அதே சோப்பை இன்னும் யார் யார் வாங்குகிறார்கள் என்று பார்ப்பதில்லை. கப்பலில் ஏழு நாள் பயணத்துக்குப் பணம் கட்டியவருக்கு அந்தக் கவலை உண்டு. முன்பின் தெரியாத இரண்டாயிரம் பேருடன் அவர் சாப்பிட வேண்டும், நீச்சல் குளத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், இரவில் அதே நடைபாதை வழியே அறைக்குத் திரும்ப வேண்டும். பிடிக்கவில்லை என்று நடுக்கடலில் இறங்கிவிட முடியாது. அவர் வாங்கிய பொருளில் சக பயணிகளும் அடக்கம். ஆகவே கப்பல் விளம்பரத்தைப் பார்ப்பவர், தனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பதோடு, இதைப் பார்த்து யாரெல்லாம் ஏறி வருவார்கள் என்றும் கேட்கிறார். கப்பல் நிறுவனத்தின் வாசகம் எல்லார் பார்வையிலும் படும்படி அச்சான ஓர் அழைப்பிதழ். எதிர்வினையின் சூடு பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியிலிருந்தே பிறக்கிறது.

கப்பல் நிறுவனங்கள் சீண்டும் மொழிக்குப் போனதற்கு வணிகக் காரணம் இருந்தது. 1958க்குப் பிறகு ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் பயணத்தைக் கப்பல்களிடமிருந்து பறித்துக்கொண்டன. எஞ்சிய கப்பல்கள் உல்லாசப் பயணத்துக்குத் திரும்பியபோது, புதுமணத் தம்பதிகளுக்கும் மூக்குப் பிடிக்கத் தின்பவர்களுக்கும் சாவை எதிர்நோக்கும் முதியவர்களுக்கும் உரியது அது என்ற கேலி அமெரிக்காவில் ஒட்டிக்கொண்டது. 1970களில் கார்னிவல் நிறுவனம் தன் கப்பல்களைக் கேளிக்கைக் கப்பல்கள் என்று அறிவித்து அந்தக் கேலியை முதலில் உடைத்தது. ஆனால் அமெரிக்கர்களில் மிகப் பெரும்பான்மையோர் அதுவரை கப்பலில் கால் வைக்காதவர்கள். அவர்களைப் பிடித்தால்தான் வளர்ச்சி என்பதால், விளம்பரம் இனி வரவேண்டியவர்களிடம் பேசத் தொடங்கியது. ஏற்கெனவே வந்துகொண்டிருந்தவர்கள், தங்களை நோக்கிச் சொல்லப்படாத பேச்சை ஓரமாக நின்று கேட்பவர்கள் ஆனார்கள்.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு நார்வீஜியன் குரூஸ் லைன். 1966இல் மயாமியிலிருந்து பயணத்தைத் தொடங்கிய நிறுவனம் அது. 1990களின் முற்பகுதியில் கார்னிவலுக்கும் ராயல் கரீபியனுக்கும் பின்தங்கி நின்றது. 1993இல் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஆடம் ஆரனின் காலத்தில், சான் பிரான்சிஸ்கோவின் குட்பி நிறுவனத்திடம் விளம்பரப் பணி போயிற்று. பாலுக்கான புகழ்பெற்ற அமெரிக்க விளம்பரத்தைச் செய்தவர்கள் அவர்கள். 1994இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படங்களில் கப்பலைத் தேடத்தான் வேண்டும். நீரும் வெயிலும் மனித உடல்களுமே கண்ணில் படும். செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குக் காதல் செய்யக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்ற பொருளில் ஒரு விளம்பரம் பேசியது. இங்கே எல்லாம் வேறு மாதிரி என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான முத்திரை வாசகம்.

விளம்பர உலகம் பாராட்டியது. பயண முகவர்கள் முணுமுணுத்தார்கள். கப்பல் பயணச் சீட்டுகளில் பெரும்பகுதி அன்று முகவர்கள் வழியாகவே விற்றதால், வாடிக்கையாளரின் மனத்தை முதலில் கேட்டவர்கள் அவர்கள்தான். கப்பலும் இல்லை, உணவும் இல்லை, விலையும் இல்லை என்பது அவர்கள் குறை. இந்தக் குறையை ரசனைக் குறைவு என்று தள்ளிவிடுவது அநியாயம். மாலை நான்கு மணிக்குச் சட்டமில்லை என்று சொன்ன அந்தக் கப்பல்களில் இரவு உணவுக்குச் சட்டம் இருந்தது. இரண்டு பந்திகள், குறித்த நேரம், குறித்த மேசை. சில இரவுகளில் முறையான உடை. மேசையில் எதிரே அமர்பவர் யார் என்பதையும் நிறுவனமே தீர்மானித்தது. படத்தில் கண்ட தனிமையை நம்பி ஏறிய இளம் தம்பதி, ஓய்வுபெற்ற நான்கு பேருடன் வாரம் முழுவதும் ஒரே மேசையில் அமர நேரிட்டது. அந்த நான்கு பேருக்கோ, தாங்கள் ஆண்டுதோறும் வரும் கப்பலின் விளம்பரத்தில் தங்களைப் போன்ற ஒருவர்கூட இல்லை. இரு தரப்புக்கும் மனக்குறை நியாயமானது. இருவரில் ஒருவரையும் ஆபாசம் என்ற சொல்லால் விளக்க முடியாது.

இதே நிறுவனத்தின் அடுத்த கட்டம் என் வாதத்துக்கு வலுவான சான்று. 2000இல் ஆசியாவின் ஸ்டார் குரூசஸ் நார்வீஜியனை வாங்கியபின், ஃப்ரீஸ்டைல் குரூசிங் என்ற முறை வந்தது. பந்தி நேரம் போயிற்று, ஒதுக்கிய மேசை போயிற்று, உடைக் கட்டுப்பாடு தளர்ந்தது. விரும்பிய நேரத்தில் விரும்பிய உணவகத்தில், விரும்பியவருடன் சாப்பிடலாம். அதற்கென்றே கட்டிய நார்வீஜியன் ஸ்டார் 2001இல் ஓடத் தொடங்கியது. புதிய முறைக்கும் எதிர்ப்பு வந்தது. கோட்டும் டையும் அணிந்த இரவுகளை நேசித்தவர்கள் வருந்தினார்கள். ஆனால் அவர்கள் எதை இழந்தார்கள் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வேறு நிறுவனத்துக்குப் போகவும் வழி இருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் விளம்பரம் கூவிய விடுதலையைக் கப்பலின் சாப்பாட்டுக் கூடம் அப்போதுதான் நிறைவேற்றியது. நாளடைவில் பெரிய போட்டி நிறுவனங்களும் நேரக் கட்டுப்பாடில்லாத உணவு முறையைத் தங்கள் கப்பல்களில் சேர்த்துக்கொண்டன.

ராயல் கரீபியனின் கதை மறுபக்கத்திலிருந்து இதையே காட்டுகிறது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில், வெளியே புறப்படு என்று அழைத்த அதன் விளம்பரங்களில் ராக் பாடகர் இகி பாப்பின் 1977ஆம் ஆண்டுப் பாடல் ஒலித்தது. மதுவும் போதையும் கலந்த பாடல் குடும்பக் கப்பலுக்கா என்று நையாண்டி எழுந்தது. ஆனாலும் விளம்பரம் பல ஆண்டுகள் ஓடியது. காரணம் எளிது. உறுத்தும் வரிகளை நீக்கித் தாளத்தை மட்டும் எடுத்தார்கள். படத்தில் ஓடியவர்களும் பாறை ஏறியவர்களும் கப்பலில் உண்மையாகவே செய்யக்கூடியதைச் செய்தார்கள். 1999இல் வந்த, 1,37,000 டன் கொள்ளளவுள்ள வாயேஜர் ஆஃப் தி சீஸ் கப்பலில் ஏறுவதற்குச் சுவரும் சறுக்குவதற்குப் பனித்தளமும் இருந்தன. பாடல் முரடானது, அழைக்கப்பட்டவர்களோ சுறுசுறுப்பான குடும்பத்தினர். அவர்களோடு ஒரே கப்பலில் இருக்க யாருக்கும் அச்சமில்லை.

அழைப்பு யாரைக் கூட்டும் என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்பதை ஆஸ்திரேலியா கற்றது. 2002 செப்டம்பரில் பி அண்ட் ஓ நிறுவனத்தின் பசிபிக் ஸ்கை கப்பலில் ஏறிய பெண் ஒருவர், ஒரு நாளுக்குள், போதைப்பொருள் உடலில் கலந்த நிலையில் இறந்தார். 2006இல் சிட்னியில் மரண விசாரணை நடந்த காலத்தில், நீச்சலுடைப் பெண்களின் படத்துடன் இரட்டைப் பொருள் வாசகம் போட்டு ஆண்களைக் கூப்பிட்ட அந்நிறுவனத்தின் விளம்பர அட்டையும் பொதுவெளியில் பேசுபொருளானது. விளம்பரம் அந்த உயிரைப் பறித்தது என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் மக்களின் சீற்றத்தில் தெளிவான ஒரு தர்க்கம் இருந்தது. ஒரு நிறுவனம் ஒருவகைக் கூட்டத்தை விரும்பி அழைத்தால், அந்தக் கூட்டத்தின் நடுவே உறங்கப்போகும் மற்றவர்களின் பாதுகாப்புக்கும் அதுவே பொறுப்பு. 2007இல் ஆன் ஷெரி தலைமையேற்றபின் நிறுவனம் வாசகத்தை மாற்றியதோடு நிற்காமல், பாதுகாப்பு முறைகளையும் யாருக்குப் பயணம் விற்பது என்பதையுமே மாற்ற வேண்டியிருந்தது.

அப்படியானால் கப்பல் விளம்பரம் எப்போதும் அடங்கியே பேச வேண்டுமா? வேண்டியதில்லை. 2021இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய வெர்ஜின் வாயேஜஸ் கப்பலுக்குள்ளேயே பச்சை குத்தும் கடை வைத்திருக்கிறது. அதன் பேச்சும் அடக்கமற்றது. ஆனால் 18 வயது நிரம்பாதவர்களுக்கு அங்கே இடமில்லை. வாசகம் அழைத்தவர்களும் வாசலில் அனுமதிக்கப்படுபவர்களும் ஒரே கூட்டம் என்பதால், பிள்ளைகளுடன் ஏறிவிட்டு ஏமாந்தோம் என்று எவரும் சொல்ல முடியாது. சீண்டும் மொழியைக் கையாள நேர்மையான வழி இதுதான் என்று கருதுகிறேன்.

விளம்பர எதிர்வினையை ஆராய்பவர்கள் வினாநிரலில், இந்த வாசகம் உங்களைப் புண்படுத்தியதா என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதை நம்பி வருபவர்களோடு ஏழு நாள் ஒரே கப்பலில் இருக்கச் சம்மதமா என்ற கேள்வியையும் அவர்கள் சேர்க்க வேண்டும். கப்பல் நிறுவனங்களும் வாசகத்தை அச்சுக்கு அனுப்புமுன் அதே கேள்வியைத் தங்கள் பழைய பயணிகளிடம் கேட்டுப் பார்க்கட்டும்.