மண்டையைத் திறக்காமல் மூளையைப் பார்த்த வெளிச்சம்

2018 கஜா புயலுக்கு அப்புறம் நாகையில் பல நாள் கரண்ட் இல்லை. டார்ச்சைக் கையால் பொத்தினால் விரல் சிவப்பாய் ஒளிரும். எங்க தெருப் பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டு. அந்தச் சிவப்புக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கு.

உயிருள்ள திசு ஆக்சிஜனை எப்படிச் செலவழிக்கிறது? 1962-இல் பிரிட்டன் சான்ஸ் குழுவினர் எலி மூளைமீது புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, என்ஏடிஎச் மூலக்கூறின் ஒளிர்வை அளந்தார்கள். ஆக்சிஜன் குறைந்தால் ஒளிர்வு கூடும். ஆனா அதுக்கு மண்டையோட்டைத் திறக்கணும்.

டியூக் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்ஸ் யோப்சிஸ் வேறு வழி பார்த்தார். நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடும். சிவப்பையொட்டிய அகச்சிவப்பு, தோலையும் எலும்பையும் கடந்து போகும். ரத்தத்தின் ஹீமோகுளோபினும், செல்லுக்குள் ஆக்சிஜனைக் கடைசியாக வாங்கிக்கொள்ளும் சைட்டோகுரோம் நொதியும் ஆக்சிஜன் இருப்புக்கேற்ப அந்த ஒளியை உறிஞ்சும் அளவு மாறும். 1977-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். கத்தியே வேண்டாம். (ஹீமோகுளோபின் போடும் கூச்சலில் சைட்டோகுரோமின் குரலைப் பிரித்துக் கேட்பது இன்னிக்கும் கஷ்டம்தான்.)

கொரோனாவில் நாம் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் இதுக்குப் பங்காளி முறை. அதன் அடிப்படையை 1974-இல் ஜப்பானில் தந்தவர் டக்குவோ அயோயாகி. அது ரத்தத்தை மட்டுமே பார்க்கும், செல்லை அல்ல. அதிலும், 2020-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை அது வெள்ளையரைவிட ஏறக்குறைய 3 மடங்கு அதிகமாகத் தவறவிட்டிருந்தது. நம்மூர்க் கறுத்த விரலில் 94 என்று காட்டினால் நான் எண்ணோடு நிற்கமாட்டேன். மூச்சு வாங்குதான்னு கேட்பேன்.