எண்ணாமல் அறிந்த நான்கு

நாகலாபுரம் போன்ற கரிசற் சிற்றூர்களின் கல்வி வரலாற்றைப் பேசுகையில் நாம் திண்ணைப் பள்ளியோடு நின்றுவிடுகிறோம். 1822-இல் தாமஸ் மன்றோ தொடங்கிய கணக்கெடுப்பு, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாக 1826-இல் காட்டியது. மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை மனனம் செய்த அப்பள்ளிகளில் பெண்குழந்தைகள் மிகச் சிலரே. அதனால் மற்றச் சிறுமியர் எண்ணறியாதவர்களா? பாட்டியின் எதிரே பல்லாங்குழிக்கு அமர்ந்தவள், தன் குழியில் நான்கு புளியமுத்துகள் சேர்ந்ததும் எண்ணிப் பாராமலே ‘பசு’ என்று அள்ளிக்கொள்வாள். மன்றோவின் ஏட்டில் இதற்கு இடமில்லை.

சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே, குழந்தையின் எண்கருத்து பற்றிய நூலை 1941-இல் வெளியிட்டார். ஏறத்தாழ நான்கு முதல் ஏழு வயதுவரை நிலவுவதை அவர் உள்ளுணர்வுச் சிந்தனை என்றார். சம எண்ணிக்கையுள்ள இரு வரிசைகளில் ஒன்றை அகலப் பரப்பினால், அவ்வயதுக் குழந்தை அதுவே மிகுதி என்னும். கண் சொல்வதை நம்பும். (திண்ணையில் இதற்குப் பிரம்படி விழுந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.) பியாஜே ஆராய்ந்தது கண் ஏமாறும் இடத்தை. நான்கு முத்துகளில் அக்கண் ஏமாறுவது அரிது. பல்லாங்குழி அங்கிருந்தே தொடங்கி, குழிக்கு ஒரு முத்தாக இடும் வேலையைக் கைக்குத் தந்தது. ஒன்றுக்கு ஒன்று என்னும் பொருத்தம் அச்சிறுமிக்கு விரல் வழியே வந்தது.